அடையாற்றை அடைக்கும் மண் எது?

1. கேள்வி

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஆவணி புரட்டாசி வாக்கில், அடையாற்றில் பொக்லைன்கள் இறங்குவது சென்னைக்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி. ஈக்காட்டுத்தாங்கல் பாலத்தை ஒட்டியும் இறங்கும். சீனிவாசபுரத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே ஆறு கடலைத் தொடும் இடத்திலும் இறங்கும். செய்தித்தாளில் இரண்டும் ஒரே வேலையாக, ஒரே பத்தியில் வந்துவிடும். படிப்பவர் மனத்தில் ஒரு சித்திரம் தானாக உருவாகும்: ஆறு மேலிருந்து மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறது, அரசாங்கம் அதை அள்ளுகிறது, அடுத்த ஆண்டு ஆறு மறுபடி கொட்டுகிறது.

பள்ளிப் பாடநூலும் இந்தச் சித்திரத்துக்குத்தான் பக்கபலமாக நிற்கிறது. மலையில் பாறை வெயிலிலும் மழையிலும் சிதைகிறது. சிதைந்ததை ஆறு அரித்துச் சுமக்கிறது. நிலம் தட்டையாகி வேகம் குறைந்ததும் சுமையை இறக்கி வைக்கிறது. சிதைவு, அரிப்பு, படிவு என்ற இந்த வரிசை கங்கைக்குப் பொருந்தும், காவிரிக்கும் பெருமளவு பொருந்தும். அடையாற்றுக்குப் பொருந்துமா? ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து கடல் வரை, ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு, ஆற்றுப்படுகையில் இன்று கிடக்கும் மண் உண்மையில் எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்வியைத்தான் இங்கே ஆராய முயல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பாடநூல் வரிசையில் பிழையில்லை. ஆனால் அடையாற்றில் அந்த வரிசை மூன்று இடங்களில் அறுந்து கிடக்கிறது. அறுந்த இடங்களைக் கவனிக்காமல் அள்ளுவதால்தான் அள்ளும் வேலை முடிவதே இல்லை.

2. பரங்கிமலை உதிர்வது

ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து ஆலந்தூர் போகும் மெட்ரோ ரயில் உயரத்தில் ஓடுகிறது. தென்மேற்கே பார்த்தால் பரங்கிமலை தெரியும். உயரம் முந்நூறு அடிதான். மலை என்று சொல்லக்கூட யோசிக்க வேண்டும். ஆனால் உலகப் புவியியல் வரைபடத்தில் இந்தக் குன்றுக்குத் தனி இடம் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் இறந்த ஜாப் சார்னக்கின் கல்லறைக்கல் இந்தப் பகுதியின் பாறை என்று கண்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட், 1893இல் அதற்குச் 'சார்னகைட்' என்று பெயரிட்டார். 1900இல் விரிவான ஆய்வையும் வெளியிட்டார். அண்டார்க்டிகாவில் இதே வகைப் பாறையைக் கண்டாலும் இன்று இந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். பரங்கிமலையில் இந்தப் பாறை வெளிப்படும் இடம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்.

உடைத்த புதுப் பரப்பில் சார்னகைட் நீலம் கலந்த கருமை நிறத்தில், லேசான எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும். கட்டட வேலையில் கருங்கல் ஜல்லி, புளூ மெட்டல் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் இதுதான். அதே கல் பல காலம் மழையில் கிடந்திருந்தால் மேலே பழுப்பு நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரும். பாறைச் சிதைவைப் புரிந்துகொள்ள அந்த ஒரு விரற்கடைத் தோல் போதும். பாறையில் இருக்கும் ஃபெல்ஸ்பார் கனிமம் நீரோடு வினைபுரிந்து களிமண்ணாகிறது. ஹைப்பர்ஸ்தீன் என்ற கருங்கனிமத்திலிருந்து வெளிவரும் இரும்பு துருவாகி அந்தப் பழுப்பைத் தருகிறது. குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் அசைந்துகொடுக்காமல் மணலாக மிஞ்சுகிறது. களிமண், செம்மண், மணல் ஆகிய மூன்றும் ஒரே கல்லின் பிள்ளைகள். பிரிந்து போகும் பாதைகள்தான் வேறு.

இந்தச் சிதைவின் வேகம் எவ்வளவு? வெப்பமண்டலத்தில் கெட்டியான பாறைகள் பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரைதான் தேய்கின்றன என்பது பொதுவான மதிப்பீடு. இதற்கு உள்ளூரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அது கிடந்தது செம்பாறைச் சரளையில். இரும்பு மட்டும் மிஞ்சி இறுகிய சிதைவின் எச்சம்தான் செம்பாறை. பரங்கிமலைக்குப் பக்கத்து ஊரில், பழங்கால மனிதர் விட்டுப்போன கருவி இன்றைக்கும் தரையை ஒட்டியே கிடைக்கிறது என்றால், அந்த மேட்டு நிலத்தில் இடைப்பட்ட காலத்தில் பெரிய அரிப்பும் இல்லை, பெரிய படிவும் இல்லை என்றுதான் பொருள்.

ஆக, பரங்கிமலையும் திரிசூலமும் பல்லாவரமும் தங்கள் இயல்பில் உதிர்த்து அடையாற்றுக்கு அனுப்பும் மண் மிகக் கொஞ்சம். ஆண்டுதோறும் பொக்லைன் வைத்து அள்ளும் அளவுக்கு அது வராது. வரிசை அறுந்த முதல் இடம் இது.

3. ஏரிகளில் நின்றுவிடுவது

அடையாறு மலையில் பிறந்த ஆறு அல்ல. மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் சேர்ந்து உருவாகும் ஓடை அது. மொத்த நீளம் சுமார் 42 கி.மீ. திருநீர்மலைக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் வந்து சேர்கிறது. அதன் பிறகுதான் அதற்கு ஆறு என்ற தோற்றமே வருகிறது. மேற்கே திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் அடித்தளம் சார்னகைட் அல்ல. தாவரப் புதைபடிவங்களுக்குப் பெயர்பெற்ற, கிரேட்டேசியக் காலத்துக் களிக்கல்லும் மணற்கல்லும். எளிதில் கரையும் நிலம்தான். ஆனால் சரிவு மிகக் குறைவு. சரிவு இருக்கும் இடத்திலும் நம் முன்னோர் ஏரி வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஏரியைத் தண்ணீர் சேமிக்கும் இடமாகப் பார்த்தே பழகிவிட்டோம். புவியியல் கண்ணோடு பார்த்தால் அது ஒரு மண் பொறி. ஓடை ஏரிக்குள் நுழைந்ததும் வேகம் இழக்கிறது. சரளையும் பருமணலும் வாயிலேயே விழுகின்றன. நடுத்தர வண்டல் ஏரியின் நடுவில் தங்குகிறது. கலங்கலைத் தாண்டி வெளியே போவது மிக நுண்ணிய களித்துகள் கலந்த நீர் மட்டுமே. தொடராக அமைந்த ஏரிகளில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. கோடையில் ஏரி வறண்டதும் விவசாயிகள் மாட்டுவண்டியில் வண்டலை அள்ளிப் போய் வயலில் கொட்டியது, பொறியைக் காலி செய்து மறுபடி வேலைக்கு விடும் ஏற்பாடு. வேளாண்மை பின்வாங்கியதும் அந்தச் சுழற்சி நின்றது. 2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீட்டபோது வண்டல் எடுப்பதும் அதில் இடம்பெற்றது. 2019 வறட்சியில் செம்பரம்பாக்கத்தின் தரை வெடித்துக் கிடந்த படங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த வெடிப்பு, களிமண் மட்டுமே காட்டும் கையெழுத்து. மணல் அப்படி வெடிக்காது.

ஊருக்குள்ளும் இத்தகைய பொறிகள் இருந்தன. ஈக்காட்டுத்தாங்கல் என்ற ஊர்ப்பெயரிலேயே ஒரு சிறு நீர்நிலை இருக்கிறது. அடையாற்றின் வடகரையில், நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி வளைந்து கிடந்த நீண்ட ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. சுற்றுவட்ட மழைநீர் மண்ணை இறக்கிவிட்டு ஆற்றுக்குப் போன இடங்கள் மூடப்பட்டதால், தெருக்களைக் கழுவி வரும் நீர் இப்போது மழைநீர் வடிகால் வழியே, இடையில் எங்கும் நிற்காமல், நேரே ஆற்றில் விழுகிறது. ஆகவே ஆற்றின் மேற்பகுதி ஏரிகள் மண்ணைப் பிடித்துவைக்கின்றன; வரிசை அறுந்த இரண்டாவது இடம் அது. நகரத்தில் மண்ணைப் பிடிக்க ஏரிகளே இல்லாமல் போய்விட்டன. ஈக்காட்டுத்தாங்கல் பாலத்தடியில் கிடப்பது இந்த இரண்டுக்கும் நடுவே உருவான கலவை.

4. முகத்துவாரத்து மணல்: சான்றுகள்

இனி கடலோரம், வரிசை அறுந்த மூன்றாவது இடம். அடையாறு முகத்துவாரத்தை மறித்துக் கிடக்கும் மணல்திட்டு, ஆறு கொண்டுவந்த மண்தான் என்பது பரவலான நம்பிக்கை. இதை நான்கு கோணங்களில் சோதிக்கலாம்.

முதலாவது, மணலையே கையில் எடுத்துப் பார்ப்பது. திட்டின் மணல் சுத்தமாகக் கழுவப்பட்ட, சீரான பருமனுள்ள, கிளிஞ்சல் துண்டுகள் கலந்த மணல். இடையிடையே மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடும். பிளாஸ்டிக் பைக்குள் ஒரு காந்தத்தை வைத்து அந்தக் கறுப்பின் மேல் தடவினால் பொடி மயிர்போல ஒட்டிக்கொண்டு நிற்கும். இரும்புக் கனிமங்கள், சார்னகைட் போன்ற பாறைகளிலிருந்து வந்தவை. எலியட்ஸ் கடற்கரையிலும் இதே மணல், இதே கறுப்புக் கோடு. ஆனால் திரு.வி.க. பாலத்துக்கு மேலே, கோட்டூர்புரத்திலோ சைதாப்பேட்டையிலோ ஆற்றுப்படுகையைத் தோண்டினால் கிடைப்பது நாற்றமடிக்கும் கருஞ்சேறு. திட்டின் மணல் ஆற்றின் வழியே வந்திருந்தால் இடைப்பட்ட படுகையிலும் அந்த மணல் கிடைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, காலம். திட்டு எப்போது வளர்கிறது? மாசி பங்குனிக்குப் பின், ஆறு வற்றிக் கிடக்கும் மாதங்களில். கார்த்திகை வெள்ளத்தில் ஆறு தன் முழுச் சுமையோடு வரும்போது திட்டு உடைகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முகத்துவாரம் மிக அகலமாகப் பிளந்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் மறுபடி குறுகியது. ஆறு சுமை கொண்டுவரும்போது உடைந்து, கொண்டுவராதபோது வளரும் திட்டை ஆற்றின் படிவு என்று சொல்வது பொருந்தாது.

மூன்றாவது, கடலின் நடத்தை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்குகின்றன. ஒவ்வோர் அலையும் மணலைச் சற்று வடக்கே நகர்த்துகிறது. வடகிழக்குப் பருவத்தில் திசை மாறித் தெற்கே நகர்கிறது. வடக்கு நோக்கிய நகர்வுக் காலம் நீண்டது என்பதால் ஆண்டுக் கணக்கில் மணல் வடக்கே போகிறது. அளவு பற்றி ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு உண்டு. ஆனால் ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களுக்கு இது ஏட்டறிவு அல்ல. தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி வெள்ளம் என்றும் வடக்கிலிருந்து வருவதை வண்ணி வெள்ளம் என்றும் அவர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். எந்த வெள்ளத்தில் வாய் அடைபடும், எதில் திறக்கும் என்பது வலை இழுப்பவருக்குத் தெரிந்த கணக்கு.

நான்காவது, துறைமுகம் தந்த பரிசோதனை. 1870களில் சென்னையில் கடலுக்குள் கற்சுவர்கள் கட்டத் தொடங்கியதும், வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தெற்குப் பக்கத்தில் தேங்கியது. மெரினாவின் இன்றைய அகலம் அதன் விளைவு. 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை இறக்கி வைக்கக் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ், இன்று அலையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி நிற்கிறது. மணல் கிடைக்காத வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் தேயத் தொடங்கின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இந்த மணல் நகர்வை அளந்து எழுதினார். துறைமுகத்தின் கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் திறந்ததற்கும் மணல்தான் காரணம். கூவமோ அடையாறோ கொண்டுவந்து கொட்டி மெரினா உண்டாகவில்லை.

இங்கே ஒரு மாற்று விளக்கத்தையும் பரிசீலிக்க வேண்டும். துறைமுகம் வந்த பிறகுதான் அடையாற்று வாய் அடைபடத் தொடங்கியது, அதற்கு முன் அது ஆழமான ஆறு என்று சிலர் சொல்வதுண்டு. 1746 அக்டோபர் 24 அன்று நடந்த அடையாற்றுப் போர் இதற்கு எதிரான சான்று. ஆற்காட்டு நவாபின் மகன் மஹ்பூஸ் கானின் படை சாந்தோம் பக்கம் வடகரையில் நிற்க, பாரடி தலைமையில் வந்த சிறிய பிரெஞ்சுப் படை ஆற்றில் இறங்கி நடந்தே கடந்து தாக்கியது. அது ஐப்பசி மாதம். துறைமுகம் வருவதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன். அன்றைக்குத் திட்டு இருந்ததை இது நேரடியாக நிறுவவில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் முகத்துவாரப் பகுதி காலால் கடக்கும் ஆழத்தில் இருந்தது என்பதை மறுக்க முடியாது. மேலும் துறைமுகத்தின் செல்வாக்கு எட்டாத முட்டுக்காட்டு வாயும் அடைபடுகிறதே.

அப்படியென்றால் எல்லாப் பழியும் கடலுக்கா? அதுவும் அவசர முடிவு. முகத்துவாரம் திறந்திருப்பது இரண்டு சக்திகளின் இழுபறியைப் பொறுத்தது. கடலோர மணல் நகர்வு வாயை மூடப் பார்க்கும். ஓதத்தின்போது உள்ளே ஏறி இறங்கும் நீர் வாயைக் கழுவித் திறந்துவைக்கப் பார்க்கும். உள்ளே ஏறும் நீரின் கொள்ளளவு எவ்வளவு பெரிதோ, கழுவும் வலிமை அவ்வளவு. சென்னையில் ஓத ஏற்ற இறக்கம் பௌர்ணமி, அமாவாசையில்கூட ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். மற்ற நாட்களில் அதில் பாதி. ஆகவே கழிமுகத்தின் பரப்பு ஒன்றுதான் ஆற்றுக்கு இருக்கும் பலம். குயிபிள் தீவைச் சுற்றிய ஓடைகள், எம்.ஆர்.சி. நகர்ப் பக்கத்துச் சதுப்புகள் எனப் பல இடங்களில் அந்தப் பரப்பைக் கடந்த நூற்றாண்டில் தூர்த்து மனையாக்கினோம். எஞ்சியதில் 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்காவாக மீட்கப்பட்டது ஓர் ஆறுதல். கடல் கொண்டுவரும் மணல் எப்போதும் இருந்ததுதான். அதைத் தள்ளிவிடும் வலுவைத்தான் ஆறு இழந்திருக்கிறது.

இன்னொரு திருப்பமும் உண்டு. கடல் மணல் என்கிறோமே, அதுவும் ஒருகாலத்தில் ஆற்று மணல்தான். நந்திமலையில் பிறக்கும் பாலாறும் தென்பெண்ணையும் சிதைந்த பாறையைக் கடலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, கடல் அதை வடக்கே சுமந்து வருகிறது. அந்த ஆறுகளில் அணை கட்டியதும் மணல் அள்ளியதும் இந்த வரவை நிச்சயம் குறைத்திருக்கும். மணல் அதிகம் என்று அடையாற்று வாயில் அள்ளிக்கொண்டிருக்கும் அதே கரை, மொத்தக் கணக்கில் மணல் பற்றாக்குறைக் கரையாக மாறிவருகிறது. முகத்துவாரத்துக்கு வடக்கே சீனிவாசபுரத்திலும் பட்டினப்பாக்கத்திலும் 2018இல் வீடுகளைக் கடல் அரித்தது. முகத்துவாரத் திட்டையும் இதையும் சேர்த்துப் பார்க்காமல் எதையும் புரிந்துகொள்ள முடியாது.

5. 2015 விட்டுப்போன சேறு

2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் பெய்த மழை 104 செ.மீ.க்கும் மேல். டிசம்பர் 1இல் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று கரையோரம் முழுதும் மூழ்கியது. விமான நிலையம் டிசம்பர் 6 வரை மூடிக் கிடந்தது. கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை இதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. ஏரி மேலாண்மை பற்றிய அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. நீர் வடிந்த பிறகு மிஞ்சியதுதான் இங்கே பொருள்.

ஈக்காட்டுத்தாங்கலின் லேத் பட்டறைகளிலும் தரைத்தள வீடுகளிலும் மிஞ்சியது மணல் அல்ல. கரிய, வழவழப்பான சேறு. லேத்தின் படுக்கையிலும் மோட்டாரின் சுருளுக்குள்ளும் புகுந்து, காய்ந்ததும் ஓடு ஓடாகப் பெயர்ந்து வந்த சேறு. ஆற்றில் நீர் சீறிப் பாய்ந்தபோது அந்தத் துகள்கள் மிதந்துகொண்டே இருந்தன. நான்கு சுவருக்குள் புகுந்து நீர் அசையாமல் நின்ற பிறகுதான் படிந்தன. வீடுகள் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நாட்களுக்குச் சிறு ஏரியாக வேலை செய்தன. புவியியலாளர் பழைய வெள்ளங்களின் கதையைப் படுகையின் அடுக்குகளில் படிப்பதும் இப்படித்தான்: துகள் எவ்வளவு நுண்மையோ, நீர் அவ்வளவு அமைதியாக நின்றிருக்கிறது.

ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஃபிலிப் யூல்ஸ்ட்ரோம் 1935இல் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடம் ஒன்று இங்கே உதவும். மணலைவிட நுண்ணியதாக இருந்தும், படிந்து இறுகிய களிமண்ணைக் கிளப்ப மணலைக் கிளப்புவதைவிட அதிக வேகம் தேவை; துகளுக்குத் துகள் ஒட்டிக்கொள்வதே காரணம். ஈக்காட்டுத்தாங்கல் பகுதியில் படுகைச் சேறு சாதாரண ஆண்டு வெள்ளத்தில் அடித்துப் போகாமல் தங்கிவிடுவதற்கு இதுவே விளக்கம். கழிவுநீரின் கசடு பசைபோலச் சேர்ந்து அதை இன்னும் இறுக்குகிறது. ஆகாயத்தாமரை நீரின் வேகத்தைக் கெடுத்து இன்னும் கொஞ்சம் படியவைக்கிறது. ஆகவே முகத்துவாரத்து மணலை ஒரு நல்ல வெள்ளம் ஓரிரவில் தள்ளிவிடும். ஈக்காட்டுத்தாங்கல் சேற்றை 2015 வெள்ளத்தாலும் முழுதாகத் தள்ள முடியவில்லை. ஒரே ஆறு, ஒரே வாரம். பத்துக் கிலோமீட்டர் இடைவெளியில் எதிரெதிர் விளைவு.

6. லாரியில் வரும் படிவு

இதுவரை சொன்ன எதிலும் சேராத ஒரு படிவு எஞ்சியிருக்கிறது. என் கணிப்பில் ஈக்காட்டுத்தாங்கல் வட்டாரத்தின் தரையமைப்பைக் கடந்த அறுபது ஆண்டுகளில் அதிகம் மாற்றியது இதுதான். 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை வந்தது. பிறகு நூறடிச் சாலை வந்தது, அடுக்குமாடிகள் வந்தன, கண்ணாடி முகப்பு வைத்த அலுவலகங்கள் வந்தன. ஒவ்வொன்றும் எழும் முன்னால் லோடு லோடாகச் சவுடு மண்ணும் கிராவலும் வந்து இறங்கும். பழைய கட்டடம் இடிபட்டால் ரப்பிஷ் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. இருட்டில் ஆற்றோரம் போகும். கரையோரத்தில் மண்வெட்டியால் ஓரடி கொத்தினால் செங்கல் துண்டு, சுண்ணாம்புக் காரை, டைல்ஸ் உடைசல், பாலிதீன் என்று அடுக்கடுக்காக வரும். இந்த அடுக்கு எந்த மலையிலிருந்தும் வரவில்லை.

தெருவும் ஒரு படிவுதான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் போட்டு, வீட்டு வாசற்படி தெருவுக்குக் கீழே போய்விட்ட தெருக்களை எந்தப் பேட்டையிலும் காட்டலாம். சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் கண்டிப்பாக உத்தரவிட்டது. தெரு உயர்ந்ததும் வீட்டுக்காரர் என்ன செய்வார்? ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி தூக்குகிறார்; அதற்கென்றே தொழிலாளர் குழுக்கள் இருக்கின்றன. அடியில் நிரப்ப மறுபடி சவுடு. தூக்க வசதியில்லாத பக்கத்து வீடு பள்ளமாகிறது, நீர் அங்கே தேங்குகிறது. இயற்கையில் ஆறு தன் வெள்ளச் சமவெளியை எல்லோருக்கும் சேர்த்துச் சிறிது சிறிதாக உயர்த்தும். பணத்தைப் பொறுத்து மனைக்கு மனை வேறுபட்டு உயர்வது நகரத்தில் மட்டும்தான்.

மனிதனைப் புவியியல் சக்தியாகக் கருத வேண்டும் என்று ஆர்.எல். ஷெர்லாக் 1922இலேயே இங்கிலாந்தை முன்வைத்து ஒரு நூல் எழுதினார். எம்-சாண்டைப் பார்த்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது. சிதைவும் அரிப்பும் பல்லாயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொண்டு செய்யும் வேலையை, கருங்கல்லை மணலாக்கும் வேலையை, கிரஷர் சில நொடிகளில் முடிக்கிறது. லாரி அன்று மாலையே அதை ஊருக்குள் படிய வைக்கிறது. பாடநூலின் மூன்று கட்டங்களும் ஒரே நாளில் நடந்துவிடுகின்றன, ஆறு எங்குமே குறுக்கே வராமல்.

2015 வெள்ளத்துக்குப் பின் நடந்த இடப்பெயர்ப்பையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆற்றோரம் குடிசை போட்டிருந்தவர்களே ஆற்றை அடைத்தவர்கள் என்ற வாதத்தில், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டைக் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்நிலம். மழைக்கு அங்கும் தண்ணீர் நிற்கிறது. வெள்ளச் சமவெளியிலிருந்து எடுத்துச் சதுப்புநிலத்தில் வைத்ததைப் பாதுகாப்பு என்று சொல்வது புவியியல்படி செல்லாது. மேலும் ஓலையும் தகரமும் போட்ட குடிசை ஆற்றில் சேர்த்த மண் எவ்வளவு, விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதையை ஆற்றின் மேலேயே கட்டியபோது மாறிய படுகை எவ்வளவு என்று யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

7. எதை அள்ளுவது, எங்கே கொட்டுவது

மூன்று மண்ணுக்கும் மூன்று விதமான வைத்தியம் தேவை. ஏரி வண்டல் ஏரியிலேயே எடுக்கப்பட வேண்டியது. அது வயலுக்கு உரம், ஆற்றில் இறங்கிவிட்டால் வெறும் சேறு. ஈக்காட்டுத்தாங்கல் முதல் கோட்டூர்புரம் வரையிலான கருஞ்சேற்றை அள்ளினால் மட்டும் போதாது. கழிவுநீர் விழுவதை நிறுத்தாமல் அள்ளினால் இரண்டே மழையில் பழைய நிலைக்கு வந்துவிடும். அள்ளியதைக் கரையிலேயே குவித்து வைப்பதோ இன்னும் மோசம்; அடுத்த மழை அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

முகத்துவாரத்து மணல் கடலின் சொத்து. அதை அள்ளிக் கட்டட வேலைக்கோ மனை நிரப்பவோ கொண்டுபோனால், வடக்கே பட்டினப்பாக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டிய பங்கைப் பிடுங்குகிறோம். அள்ளிய மணலை முகத்துவாரத்துக்கு வடக்கே கடற்கரையில் போடுவதுதான் முறை. கடல் செய்ய நினைத்த வேலையை நாம் சற்று விரைவாகச் செய்துகொடுப்பது மட்டுமே அது. வாயின் இருபுறமும் கற்சுவர் கட்டிவிடலாம் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. கூவத்தின் வாயில் சுவர் இருந்தும் மணல் சேர்வது நின்றபாடில்லை. அடையாற்றில் கட்டினால், துறைமுகம் ராயபுரத்துக்குச் செய்ததைச் சிறிய அளவில் சீனிவாசபுரத்துக்குச் செய்யும். அங்கே தேய்வதற்கு மிச்சமிருக்கும் கரை அதிகமில்லை.

இடிபாடுகளை அரைத்து மறுபடி பயன்படுத்த மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் ஆலைகள் உள்ளன. ஆற்றோரம் லோடு இறக்கும் லாரிகள் அங்கே போகும்படி செய்வது, பொக்லைன் வாடகையைவிடக் குறைந்த செலவு.

நீர்வளத் துறைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பருவமழைக்கு முன் அடையாற்றில் அள்ளப்போகும் ஒவ்வொரு பகுதிக்கும், அள்ளும் மண்ணில் மணல் எவ்வளவு, களி எவ்வளவு, இடிபாடு எவ்வளவு என்று சல்லடையிட்டுப் பார்த்து, அதையும், அது போய்ச் சேர்ந்த இடத்தையும் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. எந்தப் பொறியியல் கல்லூரியின் மண்ணியல் ஆய்வுக்கூடத்திலும் இந்தச் சோதனையைச் செய்யலாம்.